கரப்பான் தோலுக்குக் கஞ்சத்தனம் ஆகாது

எங்கள் பாப்பாவுக்கு அப்போது ஐந்தாவது மாதம். இரண்டு கன்னமும் சொரசொரவென்று ஆகி, ராத்திரியெல்லாம் முகத்தைத் தலையணையில் தேய்த்துத் தேய்த்து அழுதாள். "கரப்பானுங்க அம்மிணி, பல்லு மொளைச்சாச் சரியாப் போயிரும்" என்றார் பக்கத்து வீட்டு ஆத்தா. வீட்டுக்காரர் பல்லடத்தில் ஒரு மருந்துக்கடைக்குப் போய் விஷயத்தைச் சொல்ல, கடைக்காரர் யோசிக்கக்கூட இல்லை, "இதப் போடுங்கண்ணா, ரெண்டு நாள்ல போயிரும்" என்று ஒரு டியூபை எடுத்து நீட்டிவிட்டார். சொன்னபடியே இரண்டு நாளில் கன்னம் பளபளவென்று ஆனது. மூன்றாவது வாரம் அதே இடத்தில் இரண்டு பங்காகத் திரும்பி வந்தது.

அந்த டியூபில் இருந்தது குளோபெட்டசால், தோலில் பூசுகிற ஸ்டீராய்டுகளிலேயே வீரியம் மிகக் கூடிய வகை, கூடவே ஒரு பூஞ்சை மருந்தும் ஒரு பாக்டீரியா மருந்தும் கலந்தது என்பது அப்புறம் தோல் டாக்டர் சொல்லித்தான் தெரிந்தது. அவர் எழுதிக் கொடுத்தது ஹைட்ரோகார்ட்டிசோன், ஸ்டீராய்டு வகையறாவில் இருப்பதிலேயே சாது. அதைப் பார்த்ததும் வீட்டில் அத்தனை பேரும் "ஐயோ, பச்சைக் குழந்தைக்கு ஸ்டீராய்டா" என்று பதறினோம். சீட்டில்லாமல் வாங்கிய புலியை மடியில் வைத்துக் கொஞ்சிவிட்டு, டாக்டர் கொடுத்த பூனையைப் பார்த்துப் பயந்த கதை.

பாப்பாவுக்கு இப்போது ஏழு வயது. நான் பார்த்தவரை நம்ம பக்கம் இந்தக் கரப்பான் என்கிற எக்ஸிமா அடங்காமல் போவதற்குப் பெரும்பாலும் இரண்டே காரணம்தான்: இந்தத் தலைகீழ்ப் பயம் ஒன்று, தோல் வறட்சி போகப் பூசுகிற எண்ணெய்ப் பசையைக் கிள்ளிக் கிள்ளிப் பூசுவது இன்னொன்று. நான் டாக்டர் இல்லை, இதை வைத்து நீங்களே வைத்தியம் பார்த்துக்கொள்ளவும் வேண்டாம். ஆனால் டாக்டர் சீட்டு எழுதிக் கொடுத்து அனுப்பிய பிறகு வீட்டில் எப்படிச் செய்வது என்பதை யாரும் உட்கார வைத்துச் சொல்வதில்லை, அந்த இடத்தைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் இது என்ன நோய்? தோட்டத்தில் பூச்சு பெயர்ந்த தண்ணீர்த் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே இருக்கிற தண்ணீர் கசிந்து போய்க்கொண்டே இருக்கும், வெளியே இருக்கிற வேர் விரிசல் பார்த்து நுழைந்துகொண்டே இருக்கும். எக்ஸிமா தோல் அப்படித்தான். மேல்தோலை இறுக்கிப் பிடித்து ஈரத்தைக் காக்கிற பிலாக்ரின் என்ற புரதம் சிலருக்குப் பிறவியிலேயே குறைவு, அதற்கான மரபணுக் கோளாறுக்கும் இந்த நோய்க்கும் உள்ள தொடர்பை 2006ல் கண்டுபிடித்தார்கள். தோல் காய்ந்து விரிசல் விட்டதும் தூசி, வியர்வை, சோப்பு, கிருமி எல்லாம் உள்ளே போய் உடம்பின் எதிர்ப்புச் சக்தியைக் கிளறிவிட, ஊறல் எடுக்கிறது, சொறிகிறோம், சொறியச் சொறிய விரிசல் பெரிதாகிறது. வீட்டில் யாருக்காவது இளைப்பு, காலையில் எழுந்தால் தும்மல் என்று இருந்தால் குழந்தைக்கு இது வர வாய்ப்பு அதிகம். இது ஒட்டாது. பள்ளிக்கூடத்தில் பக்கத்தில் உட்கார விடாத பிள்ளைகளின் அம்மாக்களிடம் இதை எத்தனை முறை சொல்லியிருப்பேன் என்று கணக்கே இல்லை.

அடுத்து, உங்கள் வீட்டில் இருப்பது எக்ஸிமாதானா என்று பாருங்கள். கைக்குழந்தைக்குக் கன்னத்திலும் தலையிலும் வரும், கொஞ்சம் வளர்ந்தபின் முழங்கை மடிப்பு, முழங்காலின் பின்பக்கம், கழுத்து. படங்களில் காட்டுவதுபோல ரோஜா நிறத்தில் இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள், நம் நிறத்துக்கு அது கருப்பாகவோ சாம்பல் பூத்தோ சின்னச் சின்ன மேடாகவோதான் தெரியும், அதனாலேயே "லேசாத்தானே இருக்கு" என்று விட்டுவிடுகிறோம். வட்டமாக, ஓரம் மட்டும் மேடிட்டு நடுவில் தெளிந்திருந்தால் அது படர்தாமரையாக இருக்கலாம். அதில் ஸ்டீராய்டு பூசினால் ஊறல் அடங்கும், பூஞ்சை மட்டும் சத்தமில்லாமல் பரவும். ராத்திரியில் வீட்டில் எல்லோரும் சேர்ந்து சொறிகிறீர்கள், விரல் இடுக்கில் பொரிப்பொரியாக இருக்கிறது என்றால் அது சிரங்குப் பூச்சி, அதற்கு வைத்தியமே வேறு, வீட்டில் எல்லோருக்கும் ஒரே நாளில் மருந்து போட வேண்டும். கன்னத்தில் வெளிறின திட்டு வந்தால் "வயித்துல பூச்சி", "சுண்ணாம்புச் சத்து பத்தல" என்பார்கள், சிலர் வெண்குஷ்டம் என்றே பயமுறுத்திவிடுவார்கள். பெரும்பாலும் அது லேசான எக்ஸிமா விட்டுப்போன தடம், பசை போட்டு வந்தால் மெல்ல மெல்ல நிறம் திரும்பும். சந்தேகம் இருந்தால் தோல் டாக்டரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள். கோயமுத்தூர் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியிலும் பெருந்துறையிலும் தோல் பிரிவு இருக்கிறது, வரிசைதான் கொஞ்சம் நீளம்.

இனி தினப்படி வேலை. குளியலில் ஆரம்பிப்போம், ஏனென்றால் நாம் தப்பு செய்வது அங்கேதான்.

அண்டாவில் தண்ணீர் காயவைத்து, ஆவி பறக்கப் பறக்கத் தண்ணி வாக்கிற பழக்கத்தை முதலில் விடுங்கள். கை வைத்தால் சூடும் தெரியக்கூடாது, குளிரும் தெரியக்கூடாது. ஐந்து நிமிடம், போனால் பத்து நிமிடம். சோப்புக்கட்டி பெரும்பாலும் காரத்தன்மை கொண்டது, நம் தோலோ லேசான புளிப்புத்தன்மை உள்ளது, அதனால் நுரை பொங்கப் போடுகிற எதுவும் இந்தத் தோலுக்கு ஆகாது, குழந்தை சோப்பு என்று பெயர் இருந்தாலும் சரி. சோப்பு கலக்காத, வாசனை இல்லாத திரவம் (கிளென்சர்) மருந்துக்கடைகளில் கிடைக்கும், அதுவும் அக்குள், தொடை இடுக்கு, அழுக்கான கைகால் என்று வேண்டிய இடத்துக்கு மட்டும். அரப்பு நம்ம ஊர்ச் சொத்து, எனக்கு அந்த வாசம் ரொம்பப் பிடிக்கும், ஆனாலும் வெடித்த தோலில் வழிந்தால் காந்தும். தலைக்குப் போட்டே ஆகவேண்டும் என்றால் குழந்தையைக் குனியவைத்துத் தலையை மட்டும் தனியாக அலசிவிடுங்கள். பச்சைப்பயிறு மாவு, கடலை மாவு தேய்ப்பதை நான் அடியோடு நிறுத்திவிட்டேன். சொரசொரப்பு ஒரு காரணம், அதைவிடப் பெரிய காரணம் வேறு: விரிசல் விட்ட தோல் வழியாக உணவுப் பொருள் உள்ளே போனால் அந்த உணவுக்கே ஒவ்வாமை வரலாம். இங்கிலாந்தில் நிலக்கடலை எண்ணெய் கலந்த களிம்பைப் புண் தோலில் பூசிய குழந்தைகளுக்குக் கடலை ஒவ்வாமை அதிகம் இருந்ததை 2003ல் எழுதினார்கள். அதனால் கடலை எண்ணெய் சட்டியோடு இருக்கட்டும்.

குளித்ததும் துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுத்து, தோல் இன்னும் ஈரமாக இருக்கும்போதே, மூன்று நிமிடத்துக்குள், பசையைப் பூசிவிட வேண்டும். பசை என்றால் விலை கூடின லோஷன் என்று நினைக்காதீர்கள். வெள்ளை பெட்ரோலியம் ஜெல்லி போதும், பிசுபிசுப்புத்தான் தொந்தரவு. பகலில் பள்ளிக்கு வாசனையில்லாத கெட்டியான கிரீம், ராத்திரி ஜெல்லி என்று நாங்கள் பிரித்துக்கொண்டோம். அளவு எவ்வளவு தெரியுமா? உடம்பு முழுக்க வறண்ட குழந்தைக்கு வாரத்துக்கு 250 கிராம் அளவுக்காவது ஆகும். நான் முதல் வருடம் 50 கிராம் டப்பாவை ஒன்றரை மாதம் வைத்து ஓட்டிவிட்டு "கிரீமெல்லாம் சும்மா, ஒண்ணும் கேக்கல" என்று சொல்லிக்கொண்டு திரிந்தவள். கஞ்சத்தனமாகப் பூசினால் பூசாதது மாதிரிதான். ஒரு நாளைக்கு இரண்டு வேளை கட்டாயம், காற்றுக் காலத்தில் மூன்று நான்கு கூட. மேலிருந்து கீழாக, முடி படிந்திருக்கிற திசையிலேயே தடவுங்கள், அழுத்தித் தேய்க்க வேண்டாம். டப்பாவுக்குள் விரலை விடாமல் கரண்டியால் எடுங்கள், இல்லாவிட்டால் கையிலிருக்கிற கிருமி உள்ளே போய்க் குடியேறிவிடும்.

தேங்காய் எண்ணெய் பூசலாமா என்று எல்லோரும் கேட்பார்கள். என் அம்மா காங்கேயத்திலிருந்து செக்கில் ஆட்டியதைக் கேன் கேனாகக் கொடுத்தனுப்புவார், அதனால் இதில் எனக்கு அனுபவம் ஜாஸ்தி. வாசனை எதுவும் சேர்க்காத நல்ல தேங்காய் எண்ணெய் தோலுக்குக் கெடுதல் இல்லை, லேசான வறட்சிக்குப் பிரயோஜனமாகவே இருக்கும், குழந்தைகளை வைத்து நடந்த ஆய்விலும் நல்ல பெயர்தான் வாங்கியது. ஆனால் கந்தகப் புகை போட்டுக் காயவைத்த கொப்பரையில் ஆட்டிய எண்ணெய் வேண்டாம், பார்த்து வாங்குங்கள். வெடித்து நீர் கசிகிற நேரத்தில் எண்ணெய் மட்டும் போதாது. ஆலிவ் எண்ணெயைப் பிள்ளைக்குத் தேய்க்கச் சொல்லி வெளிநாட்டிலிருந்து வாங்கிவருவார்கள், அது தோலின் காப்பை இன்னும் கெடுக்கும், தாளிக்கிறதற்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு எச்சரிக்கை, இதைப் பலரும் சொல்வதில்லை: ஜெல்லியும் பாரஃபினும் ஊறின துணி தீப்பிடித்தால் சட்டென்று எரியும், துவைத்தாலும் முழுசாகப் போகாது. கார்த்திகை தீபத்தன்றும் தீபாவளியன்றும் பிள்ளைக்கு ராத்திரிச் சட்டையை மாற்றிவிட்டு வெளியே விடுங்கள், விறகடுப்புப் பக்கமும் விடாதீர்கள்.

இப்போது ஸ்டீராய்டு. பசை போட்டும் ஊறல் எடுத்து, தோல் தடித்துச் சிவந்தோ கருத்தோ வந்துவிட்டால் பசையால் மட்டும் அணையாது, மருந்து வேண்டும். டாக்டர் முகத்துக்கும் இடுக்குகளுக்கும் ஒரு டியூப், கைகாலுக்கு வீரியம் கொஞ்சம் கூடின இன்னொன்று என்று எழுதுவார். தயவுசெய்து இரண்டையும் மாற்றிப் போட்டுவிடாதீர்கள். நான் மூடியில் ஸ்கெட்ச் பேனாவால் "மூ", "கை" என்று எழுதி வைத்திருக்கிறேன். அளவுக்கு ஒரு வழி இருக்கிறது: பெரியவர் ஆள்காட்டி விரலின் நுனியிலிருந்து முதல் மடிப்பு வரை டியூபிலிருந்து ஒரு கோடு பிதுக்கினால் ஏறக்குறைய அரை கிராம். அது பெரியவரின் இரண்டு உள்ளங்கை, விரல்களையும் சேர்த்து, அவ்வளவு பரப்புக்குப் போதும். குழந்தையின் ஒரு முழங்கை மடிப்புக்கு அதில் பாதிகூட வேண்டாம். பொட்டு வைக்கிற மாதிரி தொட்டு வைத்தால் பத்தாது, பூசினபின் தோல் லேசாக மினுங்க வேண்டும். பசைக்கும் இதற்கும் நடுவே கால் மணி நேரமாவது இடைவெளி விடுங்கள்.

எல்லோரும் தவறுவது நிறுத்துகிற இடத்தில். பார்வைக்குக் கொஞ்சம் குறைந்ததும் பயத்தில் மூன்றாவது நாளே நிறுத்திவிடுகிறோம், உள்ளே நெருப்பு அணையாமல் நீறு பூத்துக் கிடக்கும், ஒரு வாரத்தில் மறுபடி. கண்ணை மூடிக்கொண்டு கையால் தடவிப் பாருங்கள், சொரசொரப்பும் தடிப்பும் போயிருக்க வேண்டும், ஊறலும் நின்றிருக்க வேண்டும், அப்புறமும் ஓரிரு நாள் போட்டு நிறுத்துங்கள். அடிக்கடி ஒரே இடத்தில் வருகிறவர்களுக்கு, தோல் நன்றாக இருக்கும்போதும் அந்த இடத்தில் வாரத்தில் இரண்டு நாள் மட்டும் பூசச் சொல்வார்கள், எங்களுக்கு நிலைமை மாறினதே இதற்குப் பிறகுதான். சனி, ஞாயிறு என்று வைத்துக்கொண்டால் மறக்காது. இப்படி டாக்டர் சொன்ன வீரியத்தில், சொன்ன நாள்வரை போட்டால் தோல் மெலிந்துபோகும் என்ற பயம் வேண்டாம். மெலிவதும், ரத்தக் குழாய் தெரிவதும், முகத்தில் பரு வெடிப்பதும் பெரும்பாலும் கடையில் கேட்டு வாங்கின வீரிய டியூபை மாதக்கணக்கில் போடுவதால் வருவது. 2018ல் மத்திய அரசு பல ஸ்டீராய்டு களிம்புகளைச் சீட்டில்லாமல் விற்கக்கூடாத பட்டியலில் சேர்த்தது, ஆனாலும் கிடைக்கத்தான் செய்கிறது. முகத்துக்கும் கண்ணிமைக்கும் நீண்ட நாள் வேண்டுமென்றால் டாக்ரோலிமஸ் என்று ஸ்டீராய்டு இல்லாத களிம்பு எழுதுவார்கள், முதல் சில நாள் எரியும், டியூபை ஃபிரிட்ஜில் வைத்துப் பூசினால் எரிச்சல் குறையும்.

"ஒரு ஊசி போட்டா ஜம்முனு அடங்கிரும்" என்று சொல்கிற இடத்துக்குப் போகாதீர்கள். அது பெரும்பாலும் ஸ்டீராய்டு ஊசிதான், அடங்கும், ஊசியின் வேகம் தீர்ந்ததும் வட்டியோடு வரும். லேபிள் இல்லாத டப்பாவில் கொடுக்கிற "பக்க விளைவே இல்லாத" பொடியும் தைலமும் இரண்டு நாளில் மாயம் செய்தால் அதிலும் எனக்குச் சந்தேகம்தான்.

நீர் கசிந்து ராத்திரித் தூக்கமே போய்விட்ட நாட்களுக்கு ஒரு வழி உண்டு, அதற்குத் திருப்பூர்க்காரர்கள் கொடுத்து வைத்தவர்கள். சாயம் போடாத வெள்ளைப் பருத்தி பனியன் துணி, குழாய் மாதிரி பின்னினது, கை கால் அளவுக்கு வெட்டி இரண்டு ஜோடி வைத்துக்கொள்ளுங்கள். தாராளமாகப் பசை பூசி, ஒரு ஜோடியை வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்துப் பிழிந்து மாட்டி, அதன்மேல் காய்ந்த ஜோடியை மாட்டுங்கள். இரண்டு மூன்று ராத்திரியிலேயே ஊறல் இறங்குவது தெரியும். ஸ்டீராய்டு பூசி அதன்மேல் ஈரத்துணி போட்டால் மருந்து பல மடங்கு உள்ளே இறங்கும், அதனால் டாக்டரைக் கேட்காமல் அதை மட்டும் செய்யவேண்டாம். சீழ் வைத்த தோலிலும் கூடாது.

சாப்பாட்டு விஷயத்தில் எங்கள் வீட்டில் நடந்த பஞ்சாயத்துக்கு அளவே இல்லை. கரப்பான் பண்டம் என்று கத்தரிக்காய், கருவாடு, சோளம், கம்பு, கடலை, முட்டை எல்லாம் ஒவ்வொன்றாகக் கழன்று, கடைசியில் பிள்ளைக்கு ரசஞ்சோறுதான் மிச்சம். எடை ஏறவில்லை, எக்ஸிமாவும் குறையவில்லை. உண்மையில் பெரும்பாலான குழந்தைகளுக்கு எக்ஸிமாவின் மூல காரணம் உணவு இல்லை. ஏதாவது சாப்பிட்டு இரண்டு மணி நேரத்துக்குள் உதடு வீங்குகிறது, உடம்பெல்லாம் தடிக்கிறது, வாந்தி எடுக்கிறது என்றால் அது வேறு கதை, உடனே காட்டவேண்டும். சந்தேகப்பட்டு நீங்களாகவே மாதக்கணக்கில் நிறுத்துவது ஆபத்து, நன்றாகச் செரித்துக்கொண்டிருந்த உணவுக்கே அப்புறம் ஒவ்வாமை கிளம்பலாம். பாப்பா இப்போது கம்பஞ்சோறும் தயிரும் வெளுத்து வாங்குகிறாள்.

நம்ம ஊர் வெயிலையும் காற்றையும் பார்த்துத் திட்டம் போடவேண்டும். ஆடிக் காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியாக வந்து தூசியை வாரி இறைக்கிற இரண்டு மூன்று மாதமும், மார்கழி தைப் பனியும்தான் எங்களுக்குச் சோதனைக் காலம். அப்போது பசையை ஒரு வேளை கூட்டிவிடுவேன். சித்திரை வெயிலில் வியர்வைதான் எதிரி. வியர்த்தால் ஈரத்துணியால் ஒற்றிவிட்டுப் பசை போடுங்கள், வேர்க்குரு பவுடர் கொட்டாதீர்கள், அது இருக்கிற ஈரத்தையும் உறிஞ்சும். விசைத்தறி ஓடுகிற வீடாக இருந்தால் பஞ்சுத் தூசி படியாத அறையில் பிள்ளையைப் படுக்க வையுங்கள், தினமும் ஈரத்துணி போட்டுத் துடையுங்கள், விளக்குமாறு தூசியைக் கிளப்பத்தான் செய்யும். பாலியெஸ்டர் வேண்டாம், காலரில் உறுத்துகிற லேபிளைக் கத்தரித்துவிடுங்கள், சோப்புத்தூள் போக இரண்டு அலசு அலசுங்கள்.

தண்ணீர்? சிறுவாணி வருகிற கோயமுத்தூர் வீட்டுக்கு விடுமுறைக்குப் போனால் பிள்ளைக்கு நன்றாக இருக்கிறது, எங்கள் போர்த் தண்ணியில் சோப்பே நுரைக்காது என்பது உண்மை. கடின நீர் தோலை உறுத்தும். அதற்காக ஆயிரக்கணக்கில் கொட்டித் தண்ணீரை மென்மையாக்கும் மெஷின் வைக்கலாமா என்று நானும் விலை விசாரித்தேன். இங்கிலாந்தில் 300க்கும் மேற்பட்ட குழந்தைகளின் வீட்டில் அந்த மெஷினை வைத்துப் பார்த்து 2011ல் முடிவு சொன்னார்கள், எக்ஸிமாவில் கூடுதல் பலன் இல்லை. அந்தக் காசுக்கு எத்தனை டப்பா ஜெல்லி வரும் என்று கணக்குப் போட்டுவிட்டுத் திரும்பி வந்துவிட்டேன்.

பெரியவர்களுக்குக் கையில் வருவது சகஜம். பாத்திரம் தேய்க்கிற சோப்பு, பூண்டு உரிப்பது, பனியன் கம்பெனியில் கறை எடுக்கிற கெமிக்கல், சாயப்பட்டறை வேலை, எல்லாம் கைத்தோலை அரிக்கும். உள்ளங்கையிலும் விரல் ஓரத்திலும் ஜவ்வரிசி மாதிரி கொப்புளம் வந்து தாங்கமுடியாமல் ஊறும் ஒரு வகையும் உண்டு. பாத்திரம் கழுவ உள்ளே பருத்திக் கையுறை, அதன்மேல் ரப்பர் கையுறை போடுங்கள், வெறும் ரப்பர் வியர்த்து இன்னும் கெடுக்கும். கொத்தனார்களுக்கு சிமெண்டில் இருக்கிற குரோமியம் ஒத்துக்கொள்ளாமல் வருவதும், கவரிங் நகையின் நிக்கலால் காதும் கழுத்தும் புண்ணாவதும், தலைச்சாயத்தால் நெற்றி ஓரம் வெடிப்பதும் எக்ஸிமாதான், ஒவ்வாத பொருளை விலக்காமல் எந்தக் களிம்பும் நிற்காது. தோட்டத்து ஆளுக்கு நாற்பது வயதுக்கு மேல் முகம், கண்ணிமை, கழுத்து, முழங்கை மடிப்பு என்று திடீரென்று வந்து, மழைக்குப் பிறகு கூடுகிறது என்றால் வரப்போரம் வெள்ளையாகப் பூத்து நிற்கிற பார்த்தீனியத்தைச் சந்தேகப்படுங்கள். பூ வைக்கும் முன் பிடுங்கவேண்டும், ஆனால் ஒவ்வாமை இருக்கிறவர் பிடுங்கக்கூடாது, எரிக்கவும் கூடாது. எது ஒத்துக்கொள்ளவில்லை என்று முதுகில் ஒட்டிப் பார்க்கிற பேட்ச் டெஸ்ட் இருக்கிறது, பெரிய ஆஸ்பத்திரிகளில் கேளுங்கள்.

காத்திருக்கவே கூடாத நேரமும் உண்டு. தேன் நிறத்தில் பொருக்குத் தட்டி, சீழ் வைத்து, சூடாக வலித்தால் கிருமி ஏறியிருக்கிறது, மறுநாளே காட்டுங்கள். காய்ச்சலோடு, குத்தி எடுத்த மாதிரி ஒரே அளவில் சின்னச் சின்னக் குழிப்புண்கள் எக்ஸிமா இருக்கிற இடத்தில் கூட்டமாகக் கிளம்பினால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. அது ஹெர்ப்பிஸ் வைரஸ், கண்ணுக்குப் பக்கத்தில் வந்தால் பார்வைக்கே ஆபத்து. நம்ம பக்கம் இதை "ஆத்தா வந்திருக்கா" என்று வேப்பிலை கட்டி வீட்டிலேயே வைத்துவிடுகிற பழக்கம் இருக்கிறது. வேப்பிலை கட்டுங்கள், மாரியம்மனைக் கும்பிடுங்கள், ஆனால் ஆட்டோவையும் கூப்பிட்டு வையுங்கள். உதட்டுப்புண்ணும் பெரும்பாலும் இதே வைரஸால் வருவதுதான், அதனால் அது இருக்கிறவர் யாராக இருந்தாலும் பிள்ளைக்கு முத்தம் கொடுக்க விடாதீர்கள்.

டாக்டரிடம் போகிறபோது இதுவரை பூசின, குடித்த, தெரிந்தவர் கொடுத்த எல்லாவற்றையும் ஒரு மஞ்சப்பையில் போட்டு எடுத்துப் போங்கள். தீர்ந்த டியூபையும் தூக்கிப் போட வேண்டாம். அதிகமாக இருந்த நாளில் போனில் எடுத்த படங்களும் வேண்டும், ஏனென்றால் டோக்கன் வாங்கி உள்ளே போகிற அன்றைக்குத்தான் தோல் என்றுமில்லாமல் சமர்த்தாக இருக்கும். எந்த டியூப் எந்த இடத்துக்கு, ஒரு நாளைக்கு எத்தனை தடவை, எந்த நிலைமை வந்ததும் நிறுத்தவேண்டும், மறுபடி வந்தால் எதில் ஆரம்பிக்கவேண்டும், இந்த நாலையும் கேட்டு சீட்டின் பின்பக்கமே எழுதிக்கொண்டு வெளியே வாருங்கள்.